செடிப் பட்டையில் காயம்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் காணும் முறை

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஓர் ஊரில், உறவினர் வீட்டுப் பொடக்காளியில், அதாவது புழக்கடையில், நின்ற ஆள் உயரச் செம்பருத்தி ஒன்று, ஆவணி மாதத்தில் இலை வெளுத்து மொட்டுகளை உதிர்க்கத் தொடங்கியது. அடித்தண்டில் செம்மண் பூச்சு இருந்ததைக் கண்ட பக்கத்து வீட்டுக்காரர், "செல்லுப் புடிச்சுப்போச்சுங்க, மருந்து ஊத்துனாத்தான் ஆகும்" என்றார். செல் என்றால் கரையான். மருந்தும் இரண்டு முறை ஊற்றப்பட்டது, செடி தேறவில்லை. நான் போனபோது அந்த மண்பூச்சை விரலால் தள்ளிவிட்டுப் பார்த்தேன். அதன் கீழே பட்டை முழுதாகவே இருந்தது. அதற்கு ஒரு முழம் மேலே, இலைகளின் மறைவில், நைலான் கயிறு ஒன்று தண்டைச் சுற்றி இறுகிப் பட்டைக்குள் புதைந்திருந்தது. துணி காயப்போடும் கொடிக்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் யாரோ கட்டிய கயிறு அது. கரையானோ, காய்ந்த மேல்தோலைத் தின்ன வந்ததே தவிர, அந்தச் செடி வாடியதில் அதற்குப் பங்கே இல்லை.

பட்டைக் காயங்களில் இவ்வாறு வேறொருவர் மீது பழி போய்ச் சேர்வது அடிக்கடி நடக்கிறது. அதனால் இங்கே பூச்சியின் பெயரிலிருந்து தொடங்காமல், கண்ணுக்கு முதலில் தென்படும் அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன். கொங்குப் பகுதியில் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசன வெள்ளாமை நிலம் என்றே பொருள் கொள்வர். இங்கே நான் சொல்வது வாசலிலும் பொடக்காளியிலும் வேலியோரத்திலும் நிற்கும் செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி, மருதாணி, இட்லிப்பூ, காகிதப்பூ, ரோஜா, கறிவேப்பிலை, மாதுளை, எலுமிச்சை, கொய்யா போன்றவற்றைப் பற்றியது.

தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பட்டையின் வெளிப்புறம் செத்த தோல். அதன் உள்பக்கத்தில் இருக்கும் புளோயம் என்னும் அடுக்கு, இலை சமைத்த உணவை வேருக்குக் கொண்டு போகிறது. அதற்கும் உள்ளே, மரக்கட்டையை ஒட்டி, தாளைப் போன்று மெல்லியதாக இருக்கும் கேம்பியம்தான் புதுப் பட்டையையும் புதுக் கட்டையையும் உண்டாக்குகிறது. வேரிலிருந்து நீர் ஏறும் சைலம் கட்டைக்குள் இருப்பதால், பட்டை சுற்றிலும் அறுந்துவிட்டாலும் இலைக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். செடி பல வாரங்கள், சில சமயம் பல மாதங்கள் பச்சையாகவே நிற்கும். பட்டினி கிடப்பது வேர். வேர் தளர்ந்த பிறகே இலை வாடும் என்பதால், வாட்டத்தைக் கண்ட அன்று தேடினால் காரணம் பழையதாகிப் போயிருக்கும்.

ஆகவே முதலில் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, காயம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது. இரண்டு, அதன் விளிம்பு நறுக்கியது போல இருக்கிறதா, கிழிந்திருக்கிறதா, கரைந்து ஊறியிருக்கிறதா. மூன்று, அங்கே மிச்சம் ஏதேனும் கிடக்கிறதா: மரத்தூள், மண், நூலாம்படை, பிசின், புழுக்கை. இவற்றைப் பார்க்கும் முன்பே தண்டைக் கழுவி, துடைத்து, மருந்து அடித்துவிட்டால் துப்பு எல்லாம் அழிந்துவிடும். கடைசியாக, காயம் தண்டின் சுற்றளவில் எவ்வளவு பங்கை எடுத்திருக்கிறது என்று பாருங்கள். மேலும் கீழுமாக ஒரு முழ நீளத்துக்கு உரிந்திருந்தாலும் அகலம் சுற்றளவில் கால் பங்குக்குள் இருந்தால் செடி பெரும்பாலும் தானே ஆற்றிக்கொள்ளும். ஒரு விரல் அகலமே ஆனாலும் தண்டை முழு வளையமாகச் சுற்றிவிட்ட காயம் அதற்கு மேலுள்ள பகுதியையும், வேறு கிளை இல்லையென்றால் வேரையும் சேர்த்துக் கொல்லும்.

உயிர் இருக்கிறதா என்று அறிய, காயத்தின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். பச்சையாகவும் ஈரமாகவும் தெரிந்தால் உயிர்ப் பட்டை. பழுப்பாக உலர்ந்திருந்தால் செத்தது. அரளியைச் சுரண்டிய கையை உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு.

பட்டை உரிகிறது, ஆனால் செடி செழிப்பாக இருக்கிறது

கொய்யாவிலும் பெருநெல்லியிலும் மேல்பட்டை மெல்லிய ஏடுகளாகக் கழன்று விழுவதும், கீழே வழுவழுப்பான புதுத் தோல் தெரிவதும் இயல்பு. வயதான காகிதப்பூத் தண்டில் பட்டை வெடித்துச் சொரசொரப்பாவதும் அப்படியே. தண்டின் மேல் சாம்பலும் வெளிர்பச்சையுமாகப் படர்ந்திருக்கும் வட்டத் திட்டுகள் மரப்பாசி. அது பட்டையை உண்பதில்லை, அதைச் சுரண்டி எடுப்பவர்களே காயத்தை உண்டாக்குகிறார்கள்.

பஞ்சு ஒட்டியது போன்ற வெண்மை மாவுப்பூச்சி. சிறு செதில்களாக ஒட்டியிருந்து, நகத்தால் தள்ளினால் கழன்று வருவது செதில் பூச்சி. இரண்டும் சாற்றை உறிஞ்சுமே தவிரப் பட்டையை உரிப்பதில்லை. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாக 2008இல் கண்டறியப்பட்டது கோயம்புத்தூரில்தான். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவி, வீட்டுச் செம்பருத்தியையும் அது விடவில்லை. 2010இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகள் அதை அடக்கின. மருந்து அடித்து அடக்க முடியாததை ஊசிமுனை அளவுக் குளவி அடக்கியது என்பதால், இந்தப் பூச்சிகளைக் கண்டவுடன் கடுமையான மருந்தை எடுக்காமல், தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்வதே போதும் என்பது என் எண்ணம்.

தரையிலிருந்து ஒரு சாணுக்குள், ஒரே மட்டத்தில் கந்தலான காயம்

காயம் ஒரு பக்கத்தில் மட்டும், ஒரே உயரத்தில், நார் நாராகச் சிதறியிருந்தால் அது களை வெட்டும் இயந்திரத்தின் நைலான் நூல் அடித்தது. ஒருமுறை பட்டால் பெரிய கேடில்லை. ஆனால் மாதந்தோறும் அதே ஆள் அதே சுற்றில் அதே இடத்தைத் தொடுவதால், ஓராண்டுக்குள் சிறு காயங்கள் இணைந்து வளையமாகிவிடுகின்றன. சாய்ந்த, ஆழமான, ஓரம் கூர்மையான வெட்டு என்றால் மம்மட்டியோ களைக்கொத்தோ பட்டிருக்கும். மல்லிகைப் பாத்தியில் இது மிகுதி. கொத்துவோர் அடித்தூர் வரை கொத்தினால்தான் வேலை சுத்தம் என்று நினைக்கிறார்கள்.

இதற்குத் தடுப்பு எளிது. தண்டைச் சுற்றி இரண்டு சாண் விட்டத்துக்குப் புல்லே இல்லாமல் கையால் களையெடுத்து, அந்த வட்டத்தின் ஓரத்தில் செங்கல்லோ உடைந்த ஓடோ பதித்துவிடுங்கள். அந்த எல்லைக்குள் எந்தக் கருவியும் நுழையக் கூடாது என்பதை வேலைக்கு வருபவரிடம் வாயால் சொல்வதைவிட, கல் சொல்வது நன்றாக நிலைக்கிறது.

பல் தடம் தெரிகிறது

ஆடு, மாடு, மான் ஆகிய அசைபோடும் விலங்குகளுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழ்ப்பல்லால் கவ்வி மேல்நோக்கி இழுப்பதால் பட்டை கீழிருந்து மேலாக நீள நீளமாகக் கிழிந்து, மேல்முனையில் நார் தொங்கிக்கொண்டு நிற்கும். வெள்ளாடு பின்னங்காலில் நின்று ஆள் உயரம் வரை எட்டும். தாராபுரம், காங்கேயம் பக்கத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் முள்கிளுவை வேலி போட்டு வைத்திருப்பது உள்ளே மேயும் கால்நடை வெளியே போகாமலிருக்க மட்டும் என்று நினைக்க வேண்டாம்; வெளியிலிருப்பது உள்ளே வராமலிருக்கவும் அதுவே. வீட்டுச் செடிக்கும் ஆட்டிடமிருந்து காக்க வேலியே வழி. தண்டைச் சுற்றிச் சாக்குக் கட்டி ஆட்டை ஏமாற்றலாம் என்பது வீண் முயற்சி, அது சாக்கையும் தின்னும். ஒரு குறிப்பு: அரளியை ஆடு பெரும்பாலும் ஒதுக்கிவிடும். அரளித் தண்டில் பட்டை போயிருந்தால் ஆட்டை விட்டுவிட்டு வேறு காரணத்தைத் தேடுங்கள்.

மாடு தின்பதைவிடத் தேய்ப்பதே மிகுதி. இடுப்பு உயரத்தில் பட்டை வழித்தெடுத்தது போல் மழுங்கி, அதில் மயிரும் ஒட்டியிருந்தால் கொம்போ கழுத்தோ உரசியிருக்கிறது. கட்டுத்தறியை நகர்த்துவதே அதற்கு மருந்து.

அடித்தண்டில், மண்ணை ஒட்டி, இரண்டிரண்டாகச் சேர்ந்த மெல்லிய கீறல்கள் பல திசைகளிலும் ஓடினால் எலி அல்லது பெருச்சாளி. அருகில் வளையும் புதுமண் குவியலும் இருக்கும். தண்டைச் சுற்றி மூடாக்காக வைக்கோலும் சருகும் குவித்திருந்தால், எலி அதற்குள் மறைந்திருந்து நிதானமாகக் கடிக்கும். மூடாக்கு நல்லதுதான், ஆனால் தண்டுக்கும் அதற்கும் நான்கு விரல் இடைவெளி வேண்டும். இளங்கன்றின் நுனி கத்தியால் சீவியது போல் சாய்வாக, ஒரே வெட்டில் துண்டாகியிருந்தால் அது முயல். பல்லடம், சூலூர் பக்கம் புதிதாக வீடு கட்டிக் காட்டின் நடுவில் குடியேறியவர்கள் இதை அதிகம் காண்பார்கள்.

இந்த இரண்டுக்கும் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையைக் குழாயாகச் சுருட்டி, தண்டிலிருந்து மூன்று விரல் தள்ளி நிறுத்தி, ஒரு சாண் ஆழம் மண்ணுக்குள் புதைத்து, மேலே இரண்டரை அடி இருக்குமாறு விடுங்கள். வலை தண்டில் ஒட்டக் கூடாது. தண்டு பருக்கும்போது வலையே அடுத்த காயமாகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை அகலப்படுத்துங்கள்.

மெல்லிய கிளைகளில், மேல்புறத்தில், பட்டை நாராக உரிந்து பக்கத்தில் எச்சம் எதுவும் கிடைக்காவிட்டால் அணில் கூட்டுக்கு நார் எடுத்திருக்கலாம். செம்பருத்திப் பட்டை நல்ல நார் தருவது. கிளை ஒன்றிரண்டு போகும், செடிக்கு ஆபத்தில்லை, விட்டுவிடலாம். தடாகம், மருதமலை, தொண்டாமுத்தூர் போன்ற மலையடிவார ஊர்களில் முள்ளம்பன்றி அடிப்பட்டையை அகலமான பல் தடத்தோடு கொறிப்பதும், யானை பட்டையைக் கீற்றுக் கீற்றாக இழுப்பதும் உண்டு. அங்கே செய்ய வேண்டியது வனத்துறைக்குத் தெரிவிப்பது மட்டுமே. மின்சாரத்தை வேலியில் நேரடியாகப் பாய்ச்சுவது குற்றம், மனித உயிருக்கும் ஆபத்து.

தண்டின் மேல் மண் பூசியிருக்கிறது

கரையானை இங்கே செல் என்போம். மண்பூச்சைக் கண்டவுடன் செடி போயிற்று என்று பதறத் தேவையில்லை. கை அகலத்துக்கு அதைத் தள்ளிவிட்டு, உள்ளே நகத்தால் சுரண்டுங்கள். பச்சை தெரிந்தால் அது செத்த மேல்தோலை மட்டுமே தின்றுகொண்டிருக்கிறது. துடைப்பத்தால் பூச்சைத் தட்டிவிட்டுச் செடிக்கு ஒழுங்காகத் தண்ணீர் விட்டால் போதும். பழுப்புத் தெரிந்தால், அந்தப் பட்டை எதனால் முதலில் செத்தது என்ற கேள்வியைக் கேட்க வேண்டும், ஏனெனில் உயிருள்ள பெரிய செடியின் பட்டையைக் கரையான் முதலில் தேடிப் போவது குறைவு.

இந்த விதிக்கு விலக்கு, நட்டு ஓராண்டு ஆகாத கன்றுகளும், போத்து எனப்படும் நட்டு வளர்க்கும் கிளைத் துண்டுகளும். வேர் பிடிக்காத முருங்கைப் போத்தையும் கிளுவைப் போத்தையும் மண்ணுக்குள் இருக்கும் வெட்டுவாய் வழியாகக் கரையான் தின்று முடித்துவிடும். மட்காத சாணத்தைக் குழியில் போடுவது அதை விருந்துக்கு அழைப்பதற்குச் சமம். நன்கு மட்கிய எருவும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து நடுங்கள். செடிக்கு முட்டுக் கொடுக்கக் காய்ந்த குச்சியை ஊன்றாமல் இரும்புக் கம்பியை ஊன்றுங்கள். காய்ந்த குச்சிதான் கரையான் முதலில் ஏறும் ஏணி.

நூலாம்படையும் மரத்தூளும், கவட்டையில் ஒரு துளை

இது பட்டை தின்னும் புழு. கொய்யா, மாதுளை, முருங்கை, எலுமிச்சை, ரோஜா எனப் பலவற்றிலும் வரும். தண்டின் மேல் செம்பழுப்பு நாடா ஒட்டியது போல் வளைந்து வளைந்து ஒரு பாதை தெரியும். தொட்டால், மென்ற பட்டையும் புழுக்கையும் பட்டுநூலால் பின்னிய சக்கை என்று புரியும். அந்தப் பாதை முடியும் இடத்தில், பெரும்பாலும் கிளை பிரியும் கவட்டையில், பென்சில் நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். புழு பகலில் துளைக்குள் உறங்கி, இரவில் அந்த நாடாவின் மறைவிலேயே வெளியே வந்து பட்டையை மேய்கிறது. இதனால் பகலில் மேலே மருந்து தெளிப்பது அதன் கூரையை நனைப்பதோடு சரி.

கோடை மழையையொட்டி அந்துப்பூச்சி பட்டை வெடிப்புகளில் முட்டையிடும். ஆண்டுக்கு ஒரு தலைமுறை. புரட்டாசிக்குப் பிறகு நாடா நன்றாகத் தெரியத் தொடங்கும், அப்போதே பிடித்துவிட வேண்டும். முதலில் சக்கை முழுவதையும் தேங்காய் நாரால் துடைத்தெடுங்கள். பிறகு பழைய சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றைத் துளைக்குள் மெல்ல விட்டு, அது போகும் ஆழம் வரை குத்தித் திருப்புங்கள். கம்பி நுனியில் ஈரம் ஒட்டி வந்தால் புழு முடிந்தது. கம்பி வளைவில் நின்றுவிட்டால், மண்ணெண்ணெய் தோய்த்த சிறு பஞ்சைத் துளைக்குள் திணித்துக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். எண்ணெய் பட்டையில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வழிந்த இடம் வெந்துவிடும். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். புதுச் சக்கை இருந்தால் இன்னொரு துளை எங்கோ இருக்கிறது.

நாடா இல்லாமல் அடித்தூரில் மரத்தூள் மட்டும் குவிந்திருந்தால் தண்டுத்துளைப்பான். மாதுளையில் குண்டூசி நுழையும் அளவில் பல துளைகளும் மாவு போன்ற தூளும் தெரிந்து, கிளை வாடினால் அது மிகச் சிறிய வண்டு. அந்தக் கிளையைத் துளைக்குக் கீழே வெட்டி, அன்றே எரித்துவிடுவதைத் தவிர வீட்டளவில் செய்யக்கூடியது குறைவு.

பிசின் வடிகிறது, அடித்தண்டு கறுத்து ஊறியிருக்கிறது

முருங்கையில் காயம் பட்ட இடத்தில் பிசின் வருவது அதன் இயல்பு. எலுமிச்சையிலும் நாரத்தையிலும் தரையை ஒட்டி, காயமே இல்லாத இடத்தில் தேன்நிறப் பிசின் முத்து முத்தாக நின்று, பட்டை கறுத்து ஊறியிருந்தால் அது பிசின் நோய். இதைச் செய்யும் பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிர் நிற்கும் நீரில் நீந்தித் தண்டை அடைகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் நாள் கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும்போது இது தொடங்கும். நாமோ அதற்கு உதவியாகத் தண்டை நடுவில் வைத்துக் குளம் போல் பாத்தி கட்டி, தை மாசியிலும் தூரில் தண்ணீர் நிற்குமாறு பார்த்துக்கொள்கிறோம்.

பாத்தியை மாற்றுவதே முதல் மருந்து. தண்டை ஒட்டி ஒரு முழ விட்டத்துக்கு மண்ணை மேடாக அணைத்து, அதற்கு வெளியே வளையமாகக் குழி எடுத்து, தண்ணீரும் எருவும் அந்த வளையத்தில் மட்டும் போகுமாறு செய்யுங்கள். தண்ணீரை உறிஞ்சும் நுனிவேர்கள் இருப்பதும் அங்கேதான். ஆனால் ஒட்டுக்கட்டிய கன்றாக இருந்தால் ஒட்டு மண்ணுக்குள் போகக் கூடாது; மேட்டு மண் ஒட்டுக்கு நான்கு விரல் கீழேயே நின்றுவிட வேண்டும்.

பிறகு ஊறிய பட்டையைக் கூரான கத்தியால் நல்ல பட்டை தெரியும் வரை செதுக்கி எடுத்து, இரண்டு நாள் உலரவிட்டு, போர்டோ பசை பூசுங்கள். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராமை அரை லிட்டர் நீரிலும், நீற்றிய சுண்ணாம்பு 100 கிராமை வேறு அரை லிட்டர் நீரிலும் தனித்தனியாகக் கரைத்து, பிளாஸ்டிக் வாளியிலோ மண்சட்டியிலோ ஒன்றாக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் உதவாது. துலக்கிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அதில் தோய்த்து எடுங்கள். அதன் மேல் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிகை, இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலந்த அன்றே பூசிவிடுங்கள், இலையில் படவிடாதீர்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிரான்சின் போர்தோ பகுதியில் திராட்சை திருடுவோரை விரட்ட வழியோரக் கொடிகளில் தெளித்து வைத்த நீலக் கலவையே நோயையும் தடுப்பதைக் கவனித்து, மில்லார்தே என்ற தாவரவியலாளர் 1885இல் அதை முறைப்படுத்தி வெளியிட்டார். 140 ஆண்டுகள் ஆகியும் பட்டைக்கு இதைவிட மலிவான மருந்து நம் கடைத்தெருவில் இல்லை.

ஒரே பக்கத்தில் வெடிப்பு, அதுவும் மேற்குப் பக்கம்

பங்குனி, சித்திரையில் பிற்பகல் வெயில் படும் பக்கத்தில் மட்டும் பட்டை நிறம் மங்கி, நெடுக்காக வெடித்து, பின்னர் தட்டையாக உதிர்ந்தால் அது வெயில் வெடிப்பு. எப்போதும் வெயிலில் நின்ற செடிக்கு இது அரிது. நிழலில் வளர்ந்த தண்டுக்குத் திடீரென நிழல் போகும்போது வருகிறது. மேற்கே நின்ற வேம்பை வெட்டியிருப்பார்கள், அல்லது கோடையின் நடுவில் செடியை மொட்டையாகக் கவாத்துச் செய்திருப்பார்கள், அல்லது பக்கத்தில் தகரக் கொட்டகை ஒன்று புதிதாக எழும்பியிருக்கும்.

இதற்குச் சுண்ணாம்பே போதும். நீற்றிய சுண்ணாம்பை மோர் பதத்தில் கரைத்து, வெயில் படும் தண்டில் மாசி மாதத்துக்குள் ஒரு பூச்சுப் பூசினால் வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். எண்ணெய்ச் சாயத்தைப் பூசக் கூடாது. இளங்கன்றுக்குத் தென்னங்கீற்றைப் பின்னி மேற்கே சாய்த்து வைப்பது இன்னும் நல்லது. கவாத்துச் செய்ய மழைக்கு முந்தைய பருவத்தையோ குளிர் மாதங்களையோ தேர்ந்தெடுங்கள்.

ஒரு வளையத்துக்கு மேலே பருத்து, கீழே மெலிந்திருக்கிறது

முதலில் சொன்ன செம்பருத்தியின் நோய் இது. கீழே இறங்க வழியில்லாத உணவு கட்டுக்கு மேலே தேங்கி, தண்டு அங்கே வீங்குகிறது. கொடிக் கயிறு, நாற்றங்காலில் கட்டிய பெயர்ச்சீட்டின் கம்பி, முட்டுக்குக் கட்டிய பிளாஸ்டிக் சரடு, சொட்டுநீர்க் குழாயைத் தாங்கக் கட்டிய கம்பி ஆகியவை வழக்கமான காரணங்கள். நாற்றுப்பண்ணையிலிருந்து கன்று வந்த அன்றே எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்துவிடுவது நல்ல பழக்கம்.

கொங்கு நாட்டில் செடிக்குக் கட்டுப் போடுவதைத் தவிர்க்கவும் முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி தொடங்கி ஆவணி வரை வீசும் காற்று, உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே வேகத்தில் நம் செடியையும் முட்டுக்கம்பியோடு உரசவைக்கிறது. ஆடி முடிந்து பார்த்தால், முட்டு இருக்கும் பக்கத்தில் பட்டை மெருகேற்றியது போல் தேய்ந்திருக்கும். முட்டுக்கம்பியைத் தண்டிலிருந்து அரை சாண் தள்ளி, காற்று வரும் மேற்குப் பக்கத்தில் ஊன்றி, இரண்டுக்கும் நடுவே கயிறு குறுக்கே பின்னி எட்டு வடிவில் வருமாறு தளர்வாகக் கட்டுங்கள். கட்டுக்கு நைலானைவிடப் பூக்கட்டும் வாழைநாரை நான்கைந்து இழை சேர்த்து முறுக்கியது மேல். காற்றுக் காலம் முடிவதற்குள் அது தானே மட்கி அறுந்துவிடும், நாம் மறந்தாலும் செடியின் கழுத்து நெரியாது.

கிளை நுனியிலிருந்து கறுப்பு கீழே இறங்குகிறது

ரோஜாவில் கவாத்து வெட்டிலிருந்து பட்டை கறுத்து, நாளுக்கு நாள் கீழ்நோக்கி வந்தால் நுனிக்கருகல் நோய். கறுப்புக்கு ஓர் அங்குலம் கீழே, வெளிநோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை வைக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டிலோ கொதிநீரிலோ துடையுங்கள். மழை நாளில் கவாத்து வேண்டாம்.

காயத்துக்குப் பண்டுதம்

உரிந்து சில மணி நேரமே ஆகி, தொங்கும் பட்டை இன்னும் ஈரமாக இருந்தால் அதை அப்படியே இடத்தில் அழுத்தி, ஈரத் துணியால் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாளைக் கட்டி, வெயில் படாமல் மறையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அவிழ்த்துப் பார்த்தால், சில சமயம் ஒட்டியிருக்கும். காய்ந்துவிட்ட பட்டை ஒட்டாது. அப்போது தளர்ந்த ஓரங்களை மட்டும், மேலும் கீழும் கூராக, பருப்பு வடிவில் சீவிவிடுங்கள். நல்ல பட்டையைத் தொடாதீர்கள்.

காயத்தின் நடுவில் தெரியும் கட்டையைச் சுத்தமாகச் சுரண்ட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மாதுளையிலும் கொய்யாவிலும், செடியில் இருக்கும் கிளையிலேயே வேர் விடவைக்கும் விண்பதியம் போடுகிறவர்களைக் கவனித்தால் இதன் தவறு விளங்கும். அவர்கள் ஒரு விரல் அகலம் பட்டையை வளையமாக எடுத்த பின், மிஞ்சிய வழுவழுப்பைக் கத்தி முதுகால் சுரண்டுவது, பட்டை மீண்டும் கூடிவிடக் கூடாது என்பதற்காகவே. காயம் ஆற வேண்டும் என்று விரும்புகிற நாம் அதையே செய்தால், ஆற்ற வேண்டிய கேம்பியத்தை நாமே கொன்றவர்கள் ஆவோம்.

மேலே தார், சாயம், சாணி பூசும் வழக்கம் பரவலாக உண்டு. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரத்தண்டுகளைப் பிளந்து பார்த்து, மரம் காயத்தைச் சுற்றி உள்ளே சுவர் எழுப்பிக்கொள்கிறது என்றும், வெளிப்பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்றும் காட்டினார். எனவே உலர்ந்த பருவத்தில் காயத்தைத் திறந்தே விடுகிறேன். பிசின் நோய்க்கும் மழைக்காலக் கவாத்து வெட்டுக்கும் மட்டும் போர்டோ பசை. பச்சைச் சாணியை நான் பூசுவதில்லை. அது காயும்போது கரையான் வருகிறது. சில மாதங்களில் காயத்தின் ஓரம் உருண்டு திரண்டு உள்நோக்கி வளர்ந்தால் செடி ஆற்றிக்கொள்கிறது என்று அறியலாம்.

வளையம் முழுதாக அறுந்துவிட்ட செடியைக் காப்பாற்ற எளிய வழி, இலை வாடுவதற்குள், வேரில் சேமிப்பு இருக்கும்போதே, காயத்துக்குக் கீழே வெட்டிவிடுவது. தோல் பதனிடப் பட்டைக்காக ஆவாரங்கிளைகளை வெட்டியவர்கள், அடுத்த மழைக்கு அதே தூர் தழைப்பதைப் பார்த்துப் பழகியவர்கள். செம்பருத்தி, நந்தியாவட்டை, மருதாணி, காகிதப்பூ, அரளி, கறிவேப்பிலை எல்லாம் அப்படித் துளிர்ப்பவையே. கோபிசெட்டிபாளையத்துச் செம்பருத்தியையும் கயிற்றுத் தடத்துக்கு ஒரு சாண் கீழே வெட்டினோம்; ஐப்பசி மழையில் ஆறு துளிர்கள் வந்தன, மூன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிட்டோம். ஒட்டுக்கட்டிய ரோஜாவிலும் எலுமிச்சையிலும் மட்டும் வெட்டும் முன் ஒட்டின் இடத்தைத் தேடுங்கள். காயம் ஒட்டுக்கு மேலே இருந்தால், ஒட்டுக்கு மேலே இரண்டு மொட்டாவது நிற்குமாறு வெட்டலாம். ஒட்டுக்குக் கீழே பட்டை வளையமாகப் போயிருந்தால், தூரிலிருந்து துளிர்ப்பது நீங்கள் வாங்கிவந்த ரகமாக இராது; அதை வளர்த்து ஓராண்டு காத்திருப்பதைவிட, மேலே இன்னும் பச்சையாக இருக்கும் கிளையிலிருந்து அன்றே நான்கைந்து போத்து எடுத்து நட்டுவிடுவது நல்லது.